சைக்கிள் டியூப் குரல்

என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, கல்லூரி நாட்களில் மூன்று நண்பர்களோடு சேர்ந்து எட்டுப் பாட்டு பதிவு செய்தான். கிடார், டிரம்ஸ், நடுநடுவே தவளைச் சத்தம். நாங்கள் அதை வெறுமனே ராக் என்போம். சைக்கடெலிக் ராக் என்று அதற்கொரு பெயர் இருப்பதே இப்போது வெளிநாட்டுக்காரர்கள் எழுதித்தான் தெரிந்தது.

அப்போது சிதம்பரத்தில் எனக்குக் கேசட் கடை. அறுபது பிரதிகளை நான்தான் எடுத்தேன். பத்துகூடப் போகவில்லை. டீக்கடையில் கேட்ட ஒருவர், “பாடுறவன கெணத்துல எறக்கிட்டு மைக்க மேலயே வச்சிட்டீங்களா?” என்றார். கடையே சிரித்தது. மச்சான் தனியாக வந்து கேட்டான்: “என் கொரலு இப்படியா மாமா இழுக்குது?”

“அன்னைக்கு ஒனக்கு ஜலதோஷம் மச்சான்,” என்றேன்.

அதன்பிறகு அவன் பாடவே இல்லை. கல்யாண வீட்டில் கெஞ்சினால் பந்திக்கு எழுந்து போய்விடுவான். கடலூரை ஒட்டிய செம்மங்குப்பத்தில் வேலை கிடைத்து, கடலூரிலேயே தங்கிவிட்டான்.

போன வருஷம் யாரோ அந்தக் கேசட்டை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். கேட்ட வெளிநாட்டுக்காரர்களுக்குக் குரல் தண்ணீரில் கரைகிறதாம். இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லையாம். இசைத்தட்டாகப் போட ஒரு கம்பெனி அனுமதி கேட்டது. குரலை எப்படி அப்படிச் செய்தீர்கள் என்றும் கேட்டிருந்தது.

“நாம என்ன மாமா பண்ணோம்? எனக்கு ஒன்னும் ஞாபகமில்ல,” என்று போன் செய்தான்.

எனக்கு ஞாபகம் இருந்தது. பிரதி எடுத்த வாரம், மூலக் கேசட்டை ஓட்டும் டேப் டெக்கில் பெல்ட் அறுந்துவிட்டது. பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் வாங்கி, வளையமாக வெட்டி மாட்டினேன். அது வழுக்கி வழுக்கிச் சுற்றியது. பாட்டு மெதுவாகி, குரல் கனத்து இழுத்தது. காதில் பட்டும், இந்த மாதிரிப் பாட்டில் யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து என்னிடமே கிடந்த மூலக் கேசட்டையும் நல்ல டெக் ஒன்றையும் எடுத்துக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறினேன். கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமல், “போடுங்க,” என்றான்.

இருபது வயதுக் குரல். இழுவையே இல்லை. மேல் ஸ்தாயியில் சுத்தமாக நின்றது. ஒரு பக்கம் முடியும்வரை அசையாமல் கேட்டான்.

“ஜலதோஷம்னு சொன்னீங்களே மாமா.”

அவன் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

“மச்சான், இதையே அவுங்களுக்கு அனுப்பிடலாமா?”

“வேணாம். அவுங்க ஆசப்பட்டது டியூப் கொரல. அதையே போடட்டும்.” போனை எடுத்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே பதிலை அடித்தான்: “குரல், நான். இழுவை, எங்க மாமா. அட்டைல இப்படியே போடணும்.”

“மானத்த வாங்காத மச்சான்.”

“ஒலகமே படிக்கட்டும். முப்பது வருஷம் நான் வாயத் தொறக்கலயே.”

அனுப்பிவிட்டான். பிறகு அவனே கேசட்டைத் திருப்பிப் போட்டு, ஒலியைக் கூட்டி வைத்தான். இரண்டாவது பாட்டில் மெல்லக் கூடவே பாடினான். மேல் ஸ்தாயிக்கு எட்டவில்லை, இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தான்.