பெஞ்சுக்கு அடியில் லோகுவின் பூட்ஸ்

ஷூ பாலிஷும் தேயிலைத் தூளும் கலந்த வாசனை எப்படி இருக்கும் தெரியுமா? எங்கள் குவார்ட்டர்ஸ் அறை அப்படித்தான் இருக்கும்...

நடுவட்டம் பக்கம் ஒரு எஸ்டேட். நான் ஆபீஸ் கிளார்க், அன்னூர்க்காரன். அறைத்தோழன் லோகு, ஃபேக்டரியில் தேயிலை காய வைக்கும் டிரையரைப் பார்த்துக்கொள்பவன். சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் அவனுடையது. ஷூவைச் சப்பாத்து என்றுதான் சொல்வான்.

தேயிலை விலை விழுந்த வருஷங்கள் அவை. ஃபேக்டரி ஓடுகிற நாளைவிட ஓடாத நாள் அதிகம். தொழிலாளர்களின் லைன் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டே வந்தன. எல்லோரும் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

நாங்களும் இன்டர்வியூவுக்கு அலைந்தோம். இருவருக்கும் ஒரே அளவு கால். பங்கு போட்டு ஒரே ஒரு ஜோடி ஷூ வாங்கினோம். மேலே மட்டுமல்ல, சோலும் அசல் தோல். தண்ணி பட்டாப் போச்சுங்க என்று சொல்லித்தான் கோவைக் கடைக்காரர் கொடுத்தார். நீலகிரியில் தண்ணி படாத இடத்துக்கு எங்கே போவது?

முதல் மழையிலேயே நனைந்துவிட்டது. லோகுவுக்குத் தெரிந்தது ஒரே வழி... டிரையர் பக்கத்தில் வைத்துவிட்டான். காலையில் பார்த்தால் சோல் அப்பளம் மாதிரி வளைந்து, நுனியில் வெடித்திருந்தது.

"இத கொதிக்க வெச்சா நல்ல தேத்தண்ணி எறங்கும் மச்சான்" என்றான். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஊட்டியில் செருப்புத் தைக்கிறவர் ஒருவர் அதைத் தட்டி நிமிர்த்தி, மெல்லிய ரப்பர் ஒட்டி, குதிகாலில் லாடம் அடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த ஷூ எஸ்டேட் மண்ணை மிதித்ததே இல்லை. அறையிலிருந்து ரோடு வரை ரப்பர் பூட்ஸ், ஷூ பைக்குள். பஸ் ஸ்டாப்பில், காக்கா என்று எல்லோரும் கூப்பிடும் மலையாளப் பெரியவரின் டீக்கடை. அங்கே ஷூவை மாட்டிக்கொண்டு, பூட்ஸைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு பஸ் ஏறுவோம்.

எஸ்டேட்டில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். பெஞ்சுக்கு அடியில் இருப்பதை யாரும் தொட மாட்டார்கள். ஊருக்குப் போனவர் திரும்பி வந்து போட்டுக்கொள்வார். ஆனால் அந்த வருஷம், எடுக்க ஆளில்லாத பூட்ஸ்கள் கூடிக்கொண்டே போயின...

ஒரு நாள் லோகுவுக்குத் திருப்பூரில் இன்டர்வியூ. நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். படியில் நின்றபடி சொன்னான்:

"பூட்ஸ ரூமுக்கு எடுத்துட்டுப் போயிராத மச்சான். எறங்கினதும் போடணும்."

அன்று சாயங்கால பஸ்ஸில் அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வேலை கிடைத்து உடனே சேரச் சொல்லிவிட்டார்கள் என்று ஃபேக்டரி போனுக்குத் தகவல் வந்தது. லீவு போட்டு வருவான் என்று இருந்தேன். தினமும் கடைக்குப் போய் அவன் பூட்ஸைத் தட்டி, தண்ணீர் இறங்காமல் கவிழ்த்து வைப்பேன். காக்கா ஒரு டீயை நீட்டுவார். அறைக்குத் திரும்பினால் பேச ஆள் கிடையாது. மழைச் சத்தம் மட்டும்தான். அப்படி ஒரு தனிமையை அதற்கு முன்பு நான் அனுபவித்ததில்லை.

கடைசியில் ஒரு கண்டக்டர் பார்சல் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஷூ. சோலுக்குப் புது ரப்பர், புது லாடம், முகம் தெரிகிற பாலிஷ். என் இன்டர்வியூவுக்காக அனுப்பியிருக்கிறான். சந்தோஷப்பட்டிருக்கத்தான் வேண்டும். ஆனால் ஷூவை அனுப்பிவிட்டான் என்றால் அவன் வரப்போவதில்லை... பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் கோவையில் வேலை வாங்கினேன். அறையைக் காலி செய்யப் போனபோது காக்காவும் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார். "எடுத்தோ மோனே, இனி இவிட யார் வரும்?" என்றார். அவன் பூட்ஸை எடுத்துக்கொண்டேன். செல்போன் இல்லாத காலம். அவன் கம்பெனி மாறினான், நான் வீடு மாறினேன். அவ்வளவுதான், தொடர்பு விட்டுப்போனது.

இப்போது லிஃப்டில் இறங்கினால் கார். மழையும் இல்லை, சேறும் இல்லை. போடுகிற ஷூவுக்கு ரப்பர் சோல், அதைக் காப்பாற்ற வேண்டிய கவலையும் இல்லை. பால்கனியில் எதற்கு இந்தப் பழைய பூட்ஸ் என்று வீட்டில் கேட்கிறார்கள். ஒரு பிரண்டோடது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

லோகு, இது உன் கண்ணில் பட்டால்... எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று மட்டும் சொல். ஸ்டாப்புக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன்.