கம்பியில் இழுப்பு இல்லை

தன் வீட்டு ஜன்னல் கம்பியில் விமானத்தைத் தொங்கவிட்டு, நான்கடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். பிறகு மற்ற கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். இரண்டு முழ உடம்பும் நீண்ட இறக்கைகளும் கொண்ட மர விமானம், மூக்கைத் தரைப்பக்கம் லேசாகச் சாய்த்துத் தொங்குகிறது. "இன்னும் ஒரு பொட்டு சாயணும்" என்கிறார். போன வாரமும் இதையேதான் சொன்னார். சோபாவில் உட்கார இடமில்லை. பசை டப்பாவும் உப்புத்தாளும் முன்பே உட்கார்ந்துவிட்டன.

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் பழுது பார்க்க வந்து பழக்கமானவர். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் 'வட்டம்'. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மைதானத்துக்குப் போய் நின்ற இடத்திலேயே சுற்றுகிறவரை வேறு எப்படி அழைப்பது?

இந்த விமானத்துக்கு ரிமோட் கிமோட் ஒன்றும் கிடையாது. இடது இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் நீண்டு இவர் கையிலுள்ள பிடியில் முடியும். விமானம் இவரைச் சுற்றிப் பறக்கும்; இவரும் நடுவில் நின்று கூடவே சுற்றுவார். மணிக்கட்டைச் சாய்த்தால் ஏறும், இறங்கும், தலைக்கு மேல் குட்டிக்கரணம் போடும். எல்லாம் கம்பி விறைப்பாக இருக்கும்வரைதான். அது தொய்ந்துவிட்டால் இவர் கை சொல்வது விமானத்துக்கு எட்டாது. "தலைக்கு மேல வர்றப்பதான் கண்டம். அங்க அது நம்ம மேலயே விழத்தான் பாக்கும். அப்ப இழுப்பு இருக்கணும், சார். இழுப்பு இல்லேன்னா விறகுதான்."

இழுப்பு என்பது அவருக்கு ஒரு பைத்தியம். எந்தக் கயிற்றைக் கண்டாலும் விரலால் சுண்டிப் பார்ப்பார். துணி காயும் கொடி, ஜன்னல் திரைக் கயிறு, ஒருமுறை என் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையின் நாடா. லிஃப்டைத் தாங்கும் வடங்கள் எல்லாம் ஒரே விறைப்பில் இருக்கின்றனவா என்று சுண்டிச் சுண்டியே பழகிய விரல். "கல்யாணத்தன்னிக்கே என் சங்கிலியச் சுண்டிப் பாத்த மனுஷன்" என்கிறார் மனைவி. சொல்லும்போது சிரிப்பதில்லை.

ஒரு வருடமாக இழுப்பு இல்லை என்பதுதான் அவருடைய புலம்பல். வலது இறக்கையின் நுனியில் ஒரு சின்னப் பெட்டி செய்து அதற்குள் ஈயத் துண்டுகள் போட்டார்; வெளிப்பக்கம் கனத்தால் கம்பி விறைக்குமாம். வால் பக்கத்துச் சுக்கானை மயிரிழை வெளியே திருப்பினார். எஞ்சினுக்கு அடியில் தகடு வைத்து அதையும் வெளியே பார்க்க வைத்தார். கம்பிகள் இறக்கையை விட்டு வெளியேறும் இடத்தைப் பின்னால் தள்ளினார். எதற்கும் மசியவில்லை. இன்னும் ஈயம் போட்டார். கனம் மிஞ்சி, திருப்பத்துக்குத் திருப்பம் வலது இறக்கை தொங்க ஆரம்பித்தது. எடுத்தார், போட்டார், மறுபடி எடுத்தார். இதற்கிடையில் இரண்டு விமானங்கள் மூக்குடைந்து அலமாரி மேல் ஏறிவிட்டன. ஜன்னலில் தொங்குவதுதான் மிச்சம்.

அதே ஒரு வருடமாகத்தான் அவருக்குக் காதில் இரைச்சல். திடீரென்று தரை சாயும், சுவரைப் பிடித்துக்கொள்வார். உயரத்தில் ஏறக்கூடாது, சுற்றக்கூடாது என்று காது டாக்டர் சொல்லிவிட்டார். லிஃப்ட் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தவரைக் கம்பெனி உதிரிபாக அறையில் உட்கார வைத்துவிட்டது. "கிரீஸ் டப்பாவுக்குக் காவல்" என்று அவரே சொல்லிக்கொள்வார். இதையெல்லாம் அவர் மறைப்பதில்லை. ஆனால் மைதானத்தை மட்டும் அதில் சேர்க்கமாட்டார்.

"தலைசுத்தல் வீட்டுல வரும், பஸ்ல வரும். கிரவுண்டுல வராது, சார். விமானத்தையே பாத்துக்கிட்டிருந்தா உலகம்தான் சுத்தும், நாம சுத்தமாட்டோம்."

நான் தலையாட்டி வைத்தேன். வாரம் முழுக்கக் குனிந்தே நடக்கிற மனிதர் நிமிர்ந்து நிற்பது அந்த ஒரு காலை நேரத்தில்தான். அதுவும் போய்விட்டால் அவருக்கு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மைதானம், பூட்டிக் கிடக்கும் ஒரு ஆலைக்குப் பின்னால் இருக்கிறது. வாலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்து, அவர் கையை உயர்த்தியதும் விமானத்தை விடுவது மனைவியின் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வேலை அவருடையதுதான். கம்பியில் என்னதான் கோளாறு என்று நான் அந்த அம்மாவைத் தனியாகக் கேட்டேன்.

"அவர் விமானத்தப் பாக்குறாரு. நான் அவர் காலப் பாக்குறேன்" என்றார். "கம்பி தொய்யுற மாதிரி இருந்தா சட்டுனு பின்னால போகணும். முன்னெல்லாம் அப்படித்தான் போவாரு. இப்ப முன்னால போறாரு. தள்ளாடிக்கிட்டு விமானத்துப் பக்கமாவே போறாரு. அப்புறம் கம்பி தொய்யாம என்ன செய்யும்?"

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க சொல்லுங்களேன்."



அந்த வார ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் ஒருவரும் வந்திருந்தார். இவரைப் போலவே கம்பி விமானம் விடுகிறவர். இவரைவிட வயதில் சின்னவர். முதலில் வட்டம் தன் விமானத்தை விட்டார். இரண்டு சுற்று ஒழுங்காகப் போனது. தலைக்கு மேல் ஏறியதும் மனைவி சொன்ன மாதிரியே கால்கள் முன்னால் இழுத்துக்கொண்டு போயின, கம்பி வளைந்து தொங்கியது. விமானம் பக்கவாட்டில் சரிந்து, எப்படியோ பிழைத்து, தரையில் முட்டி முட்டி நின்றது.

"பாத்தீங்களா டாக்டர்? இழுப்பே இல்ல." அவர் குரலில் கிட்டத்தட்ட சந்தோஷம். "எதையும் மாத்தாம அப்படியே நீங்க ஒரு தடவ விடுங்க. உங்க வாயால சொல்லுங்க."

டாக்டர் பிடியை வாங்கிக்கொண்டார். விமானம் எழும்பி, சுற்றி, தலைக்கு மேல் ஏறியது. குட்டிக்கரணம் போட்டது. இன்னொன்று போட்டது. கம்பிகள் கோடு கிழித்த மாதிரி நின்றன. டாக்டரின் கை தோளிலிருந்து நீட்டிக்கொண்டே இருந்தது. வட்டம் கம்பியைப் பார்க்கவில்லை. அன்றைக்கு முதல்முறையாக, நடுவில் நிற்பவரின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதம்ணே!" என்று தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தார் டாக்டர். "கை கழண்டுரும் போல இழுக்குது. மேலயும் தொய்யல. இனிமே இதுல எதையும் தொடாதீங்க."

பாவம், பாராட்டுவதாகத்தான் நினைத்துச் சொன்னார். நல்ல செய்தி கேட்டு ஒரு முகம் அப்படிச் செத்துப்போய் நான் பார்த்ததில்லை. எங்கள் நாலு பேரில் டாக்டரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

"அப்ப சரி" என்றார் வட்டம். "இன்னொரு தடவ விடுங்க டாக்டர்."

மனைவி வாலைப் பிடிக்கக் குனிந்தார்.

"நீ தள்ளிக்கோ. நான் புடிக்கிறேன்."

அந்தப் பக்கத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை. எந்த முழங்காலை ஊன்றுவது என்று தெரியாமல் தடுமாறி, ஒருவழியாக மண்டியிட்டார். எஞ்சின் அலறியது. தூரத்தில், மைதானத்தின் நடுவில், டாக்டர் கம்பியை இழுத்து விறைப்பாக்கிக்கொண்டு கையை உயர்த்தினார்.

இவர் விடவில்லை.

டாக்டர் இன்னும் உயரமாகக் கையைத் தூக்கி ஆட்டினார். எஞ்சின் விசிறியின் காற்றில் இவர் சட்டை படபடத்தது; கழிவு எண்ணெய் நெஞ்சிலும் முகத்திலும் தெறித்தது. மனைவி ஒரு அடி முன்னால் வந்து, அப்படியே நின்றுவிட்டார். எரிபொருள் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை, வட்டம் இரண்டு கைகளாலும் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.