என் மனைவிக்குப் பார்த்த வைத்தியங்கள்

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். பாம்பனில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். எங்கள் தலைப்பிள்ளை பிறக்கும்போதே இறந்துபோனது. மயக்கம் தெளிந்து எழுந்த என் மனைவி பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்து, ஆறு மாதத்தில் அடியோடு நிறுத்திவிட்டாள். சோறு பொங்குவாள், துணி துவைப்பாள், கேட்டால் தலையசைப்பாள். அவ்வளவுதான். அவளைப் பேச வைக்க நான் அலைந்த அலைச்சலை நினைத்தால் இப்போதும் அலுப்பாக இருக்கிறது.

முதலில் கோடாங்கி. உடுக்கை அடித்து, கடலில் செத்த கன்னி ஒருத்தி பிடித்திருக்கிறாள் என்றார். வேப்பிலை அடியில் தோளில் தடிப்பு விழுந்ததுதான் மிச்சம். பிறகு தேவிபட்டினம். கடலுக்குள் இறங்கி நவபாஷாணக் கற்களை ஒன்பது சுற்றுச் சுற்றினாள், ஈரப்புடவையோடு பஸ் ஏறினாள், வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு முஸ்லிம் பெரியவர் சொல்லி ஒரு தர்காவில் ஒரு மாதம் தங்கினோம். அங்கே யாரும் அவளை அதட்டவில்லை. அங்கே மட்டும் நன்றாகத் தூங்கினாள். எனக்குத்தான் அது போதவில்லை. ரயிலேறி மதுரைக்குக் கூட்டிப்போனேன். பெரிய டாக்டர் தலையில் கரண்ட் வைத்தார். வீடு திரும்பியவள் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அடுப்படியில் நின்றாள். எனக்கு வெறுத்துவிட்டது.

போன இடத்திலெல்லாம் "என்ன செய்யுது?" என்று என்னைத்தான் கேட்டார்கள். வாத்தியார் அல்லவா, நானும் கோவையாகச் சொல்லிவிடுவேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கடைசியாக, மதுரையிலேயே ஒரு பெண் டாக்டர். நான் ஆரம்பித்ததும் கையமர்த்தினார். "சார், நீங்க கொஞ்சம் வெளியே இருங்க." எனக்குச் சுருக்கென்றது. ஐந்து வாரம் இதே கதை. மருந்துச்சீட்டுகூட எழுதவில்லை. இது என்ன வைத்தியம் என்று பெஞ்சில் உட்கார்ந்து முணுமுணுத்தேன். ஆறாவது வாரம் உள்ளே கூப்பிட்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்."

ஒரு வருஷத்துக்கு மேலாகக் கேட்காத குரல்.

"ஏங்க, பிள்ளைய எங்கன வச்சீக?"

எங்கள் பக்கம், இறந்து பிறந்த பிள்ளையைத் தாய்க்குக் காட்டுவதில்லை. புதைத்த இடத்தையும் சொல்வதில்லை, தேடிப் போய்த் தோண்டிவிடுவாள் என்று பயம். துணியில் சுற்றிக்கொண்டு போய்ப் பனைமரத்தடி மணலில் வைத்தவன் நான்தான். வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று பெண்களைக் கண்டித்து வைத்தவனும் நான்தான். மறந்துவிடுவாள் என்று நம்பினேன். ஊர் ஊராக இழுத்துப்போன எனக்கு, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த இடத்துக்கு அவளை அழைத்துப்போகத் தோன்றவே இல்லை.

"நம்ம ஊர்லதான், பனங்காட்டுல. நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

சரி என்று தலையசைத்தாள். பிறகு இன்னொன்று கேட்டாள்.

"ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?"

அதைக்கூட நாங்கள் அவளுக்குச் சொல்லவில்லை.