தங்கச்சி வீட்டில் தமிழ் மட்டும்

என் தங்கச்சி மகனுக்கு இரண்டரை வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. அம்மா என்பான், தாத்தா என்பான், பிஸ்கட் டப்பாவைக் கண்டால் விரலை நீட்டுவான். அதோடு சரி. தங்கச்சிக்கு பெங்களூரில் வேலை. கோலார் தங்க வயலில், எங்கள் மாரிகுப்பத்தில் விடியுமுன் ரயில் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. சொந்தக்காரர்கள் கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: தாய் ரயிலிலேயே குடியிருந்தால் பிள்ளைக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? கேட்டுக் கேட்டு அவளும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தாள். ஆசைப்பட்டுப் படித்து வாங்கிய வேலை. அதே ரயிலில் போகிறவன் நான்; ஆபீஸ் கதை சொல்லும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பெட்டியில் எதற்கும் வைத்தியம் உண்டு. ஒருத்தர் வசம்பு என்றார், ஒருத்தர் தேன் என்றார். எதிர் சீட்டுப் பெரியவர் மட்டும், "பேசாத புள்ளையும் இல்ல, பேசி முடிச்ச கிழவனும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதை நான் பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷன் வரை மென்றுகொண்டே போனேன்.

நான் பெரிய படிப்பெல்லாம் படித்தவனில்லை. காதில் விழுந்ததும் போனில் அகப்பட்டதும்தான் என் படிப்பு. தேடிப் பார்த்தால், குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது என்பதில் படித்தவர்களே கட்சி கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லி, மெச்சினால் மறுபடி சொல்லிக் கற்கிறது என்று ஒரு கட்சி. அப்படியானால் யாருமே சொல்லாததை எல்லாம் பிள்ளைகள் எப்படிச் சொல்கின்றன, சிலந்திக்கு வலை மாதிரி மனுஷனுக்குப் பேச்சு பிறவியிலேயே வருவது என்று இன்னொரு கட்சி. மூன்றாவது கட்சிதான் எனக்குப் பிடித்தது: பேச்சு என்பது பந்து விளையாட்டு, நீ போட வேண்டும், அவன் பிடித்துத் திருப்பிப் போட வேண்டும், ஆள் இல்லாமல் ஆட்டம் இல்லை.

இதற்குள் பாலர் பள்ளி டீச்சர் ஒருவர், வீட்டில் மொழி அதிகம், பிள்ளை குழம்புகிறான், ஒரே மொழி பேசுங்கள் என்று சொல்லிவிட்டார். மொழி அதிகம்தான். வீட்டில் தமிழ், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவிடம் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், டிவியில் இங்கிலீஷ். தங்கச்சி அன்றைக்கே உத்தரவு போட்டாள்: பிள்ளை எதிரில் தமிழ் மட்டும்.

தங்க வயலில் யாரும் செய்யத் துணியாத காரியம் அது. மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து வந்து, லைட்டை ஆஃப் பண்ணு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தி, "மின்விளக்கை அணைக்கவும்" என்றார். தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா தமிழும் பேசுவார். ஆனால் அவசரத்தில் தெலுங்கு வந்துவிடும் என்று பயந்து, கைஜாடையில் பிள்ளை வளர்க்கத் தொடங்கினார். ரொம்பவும் அடிபட்டது தங்கச்சியின் மாமனார்தான். சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பேரனை மடியில் வைத்து, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி லெவல் லெவலாக இறங்கின கதையைத் தினமும் சொல்வார். ஒருநாள் என்னிடம், "ஷாஃப்ட்டுக்குத் தமிழ்ல இன்னா தம்பி?" என்று கேட்டார்.

"சுரங்கக் குழின்னு சொல்லலாம் மாமா."

யோசித்தார். "அதுல நான் எறங்குனதே இல்லியேப்பா. நான் எறங்குனது ஷாஃப்ட்ல." அதற்குப் பிறகு கதையையே விட்டுவிட்டார்.

வீடு அமைதியாகிவிட்டது. பிள்ளை விரல் நீட்டுவதும் குறைந்து, அழுகை கூடியது. வரும் திங்கட்கிழமை வேலையை விடுவதாக ஆபீசில் சொல்லிவிடப் போகிறேன் என்றாள் தங்கச்சி. அதற்கு முன்னால் ஒரு தடவை கோலார் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று நான்தான் கெஞ்சினேன். பஸ்ஸில் பிள்ளை அடங்குவது அந்த அக்கா மடியில்தான் என்பதால் அவரும் வந்தார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா முதலில் காதைச் சோதித்தார். காது நன்றாக இருந்தது. பிறகு, என்னென்ன சொல்வான் என்று கேட்டார். தங்கச்சி சொன்னது சீக்கிரம் முடிந்துவிட்டது. அப்போது பிள்ளை அக்காவின் முந்தானையை இழுத்து, "நீளு குடு" என்றான். தண்ணீருக்குத் தெலுங்கு, கொடுப்பதற்குத் தமிழ். அக்கா பழக்கத்தில் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டுத்தான் எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"இத எப்பக்கா கத்துக்கினான்?" என்றாள் தங்கச்சி.

"ரொம்ப நாளா கேக்கறாம்மா. பால்காரர்கிட்ட கன்னடத்துல வம்பே பண்ணுவான். நீ தமிழ்ல இன்னா பேசறான்னுதான கேட்ட? அதுல அவ்ளோதான் வரும்."

பயிற்சி கொடுக்கும் அம்மா சிரித்துவிட்டார். எல்லா மொழியையும் கூட்டித்தான் கணக்கு, கூட்டினால் கொஞ்சம்தான் பின்தங்கி இருக்கிறான், மொழிகளால் குழப்பம் ஒன்றும் இல்லை, வீட்டில் எப்போதும் போலப் பேசுங்கள், மாதாமாதம் கூட்டி வாருங்கள் என்றார். நாலு குடத்தில் பிடித்து வைத்துவிட்டு ஒரு குடத்தை மட்டும் எட்டிப் பார்த்து, வீட்டில் தண்ணியே இல்லை என்று அழுதிருக்கிறோம்.

தங்கச்சி கேட்டது ஒன்றே ஒன்று. "நான் ரயிலுக்குப் போறதாலயா மேடம்?"

"இல்லம்மா. நீங்க இல்லாத நேரத்துலயும் அவன்கூடப் பேச ஆள் இருக்காங்க. அவங்க வாயைக் கட்டாதீங்க, அது போதும்."

திங்கட்கிழமை விடியற்காலை அவளைக் கூப்பிடப் போனேன். பேச்சுச் சத்தத்தில் பிள்ளை எழுந்து வந்து வாசலில் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, ரயிலு பேடா."

வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொன்னான். அவளிடம் அவன் பேசிய முதல் முழு வாக்கியம். மாமனார் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார். தங்கச்சி திரும்பி அவனைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிடுவாளோ என்று நினைத்தேன். உட்கார்ந்து, அவன் விரல்களை மெதுவாகப் பிரித்தாள்.

"வேணும்டா கண்ணு. அம்மாவுக்கு வேணும்."

எழுந்து, என்னைக்கூடப் பார்க்காமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். பின்னால் அவன் அந்த "ரயிலு பேடா"வையே சொல்லிக்கொண்டிருந்தான், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தெளிவாக.