விடுதலை நாளன்று வந்த ஃபாக்ஸ்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தென் லண்டனில் ஒரு சிறை வாசலில் நின்றேன். பயப்படாதீர்கள்... நான் ஒன்றும் செய்யவில்லை. சிவநேசனுக்கு அன்று விடுதலை. அவன் மனைவி வசந்தியும் ஐந்து வயது மகள் துளசியும் என்னோடு நின்றார்கள்.

சிவநேசன் டூட்டிங்கில் எங்கள் மேல்மாடியில் குடியிருப்பவன். வசந்தி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவன். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. பெட்ரோல் ஸ்டேஷன் ஷிப்டுக்கு நேரமாகிறதென்று, லைசென்ஸ் பறிக்கப்பட்ட பிறகும் காரை எடுத்தான் — மூன்று மாதச் சிறை. குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் மனைவியும் மகளும் லண்டனில் வந்து இறங்கியபோது அவன் உள்ளே இருந்தான்.

வசந்தி போய்ப் பார்த்தாள். மகளைக் கூட்டிவர மட்டும் அவன் சம்மதிக்கவில்லை.

"பிள்ளை முதன்முதல் என்னை இஞ்சையோ பாக்கிறது? வேண்டாம். நான் வெளியில வாறன்" என்றானாம்.

கதவு திறந்து ஒவ்வொருவராக நாலு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரையும் காட்டி, "இவரோ அப்பா?" என்று துளசி கேட்டாள்.

பத்து மணிக்கு நான் உள்ளே போய் விசாரித்தேன். அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார். தண்டனை முடிந்துவிட்டது; ஆனால் முதல்நாள் மாலை அவனைப் பிடித்துவைக்கச் சொல்லி இமிகிரேஷனிலிருந்து ஃபாக்ஸ் வந்திருக்கிறது, விட முடியாது. அவர்களுக்கு விடுதலைத் தேதியை யார் சொன்னது? சிறைதானாம். வழக்கமான நடைமுறையாம். இன்னும் எத்தனை நாள்? அது ஃபாக்ஸில் இல்லை.

வசந்தி அழவில்லை. திரும்பும் பஸ்ஸில் சொன்னாள்: "இனிப் பொறுக்க ஏலாது அண்ணை. சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறன்."

நானும் போனேன். கைதி நாற்காலியை விட்டு எழக்கூடாது என்பது அங்கே விதி. துளசி தாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். சிவநேசன் கை நீட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. மேசையைப் பார்த்தபடியே இருந்தான். நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்... பிள்ளை தானாகப் போய் அவன் மடியில் ஏறினாள். அவன் அவள் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நான் சுவரைப் பார்த்தேன்.

வக்கீல் பெயில் கேட்டு எழுதியிருக்கிறார். நேற்று படிக்கட்டில் வசந்தியைக் கண்டு, ஏதாவது தெரிந்ததா என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. பிள்ளைதான் எழும்பின உடனை, இண்டைக்குச் சனிக்கிழமையோ எண்டு கேக்கிறாள்."

நேற்று திங்கட்கிழமை.