அவர் தொலைக்காத கோப்பு

எலுமிச்சம்பழத்தைக் கண்டால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. பஸ்ஸில் குமட்டாமல் இருக்க முகர்ந்துகொள் என்று பெரிய டீச்சர் என் கையில் திணித்த பழங்களை எண்ணினால் ஒரு ஜாடி ஊறுகாய் போட்டிருக்கலாம். கொல்லிமலையில் நான் ஆசிரியையாக இருக்கும் உண்டு உறைவிடப் பள்ளிக்கு அப்போது அவர் தலைமையாசிரியை. பிள்ளைகளிலிருந்து சமையல்கார அக்கா வரைக்கும் எல்லோருக்கும் அவர் பெரிய டீச்சர். மலையிறங்கும் எழுபது வளைவுகளில் இருபதைத் தாண்டுவதற்குள் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். இது ஊருக்கே தெரிந்த சங்கதி. ஆனாலும் கீழே சேந்தமங்கலத்து அலுவலக வேலை என் முறைக்கு வந்தால் என்னைத்தான் அனுப்புவார். "முறைன்னா எல்லாத்துக்கும் முறைதான் கண்ணு" என்று சொல்லி ஒரு பழத்தை நீட்டுவார். அந்தப் பழம் ஒருநாளும் வேலை செய்ததில்லை.

அவரிடம் வேலை பார்ப்பது பொதுவாகவே பெரும்பாடு. கணக்கு வாத்தியார் தாமதமாக வந்தால் நியாயமாகத் திட்ட வேண்டுமல்லவா? இவர் அந்த வகுப்பைத் தானே எடுத்து முடித்துவிட்டு, "ஊட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்பார். அந்த மனிதர் கூனிக் குறுகி நிற்பார். பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். சமையல்கார அக்கா பாத்திரம் கழுவி முடித்து வந்து உட்காராமல் ஆசிரியர் கூட்டம் தொடங்காது. கடைசி பஸ் போய்விடுமே என்று நாங்கள் நாற்காலியில் நெளிந்துகொண்டிருப்போம். அவரோ ஜன்னல் வழியே மிளகுக்கொடியைப் பார்த்தபடி நிதானமாக உட்கார்ந்திருப்பார்.

ஒன்பது வருடத்துக்கு முன் பத்தாம் வகுப்பு முடித்த பதினொரு பிள்ளைகளுக்குக் கீழே விடுதியில் இடம் கேட்டிருந்தோம். அசல் சாதிச் சான்றுகளை நேரில் காட்ட வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் அந்தத் தாய் தகப்பன்கள் எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒரு நீலக் கோப்பில் போட்டுக் கொடுத்தார். முறை என்னுடையது. பஸ்ஸில் தலைக்கு மேலிருந்த கம்பித்தட்டில் கோப்பை வைத்தேன். அடிவாரத்தில் பஸ் நின்றதும் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடினேன். நிமிர்ந்து பார்த்தபோது பஸ் இல்லை. என் கையில் எலுமிச்சம்பழம் இருந்தது. நாமக்கல் வரை போய்த் தேடினேன், கண்டக்டரிடம் அழுதேன். கோப்பு கிடைக்கவே இல்லை.

ஒரு வாரத்தில் விளக்கம் கேட்டு மேலிடத்தின் கடிதம் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் மேசையில் வைத்தேன். அதை நான்காக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அலுவலகத்துக்குப் போன பதிலில் ஒரே வரிதான்: 'என் கவனக்குறைவால் தொலைந்தது.' நான் சண்டைக்கே போய்விட்டேன்.

"ஒனக்கு வாந்தி வரும்னு தெரிஞ்சேதான குடுத்தேன்? பள்ளிக்கொடத்துக்கு நல்ல பேரு வர்றப்ப முன்னாடி நிக்கறவ நானு. ஏச்சு வர்றப்ப மட்டும் உன்னைய முன்னாடி தள்ளி உடறதா?" என்றார்.

அத்தோடு விட்டாரா? பதினொரு வீட்டுக்கும் நடந்தார், என்னையும் இழுத்துக்கொண்டு. மலையிலேயே எடப்புளி நாடு என்ற ஊர்ப்பகுதியில் ஒரு வீட்டுத் தகப்பன் காட்டில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். "நாந்தானுங்க தொலைச்சுப்புட்டேன்" என்று பெரிய டீச்சர் சொன்னதும் அந்த மனிதர் மண்கையோடு நின்று திட்டித் தீர்த்தார். படித்தவர்களை நம்பியது தன் புத்திகெட்டதனம் என்றார். பெரிய டீச்சர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பெரிய டீச்சர் என் தப்பை மறைத்துவிட்டார் என்று அவர் மேல் கோபப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

பத்துப் பேருக்கு எப்படியோ மறுசான்று வாங்கிவிட்டோம். திட்டித் தீர்த்த அந்தத் தகப்பனின் பெண்ணுக்கு மட்டும் தேதி முடிந்த பிறகுதான் வந்தது. படிப்பு நின்றது, மறு வருடம் கல்யாணம். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கையில் பெரிய டீச்சரை எங்கேயோ தொலைவில் மாற்றிப்போட்டார்கள். இன்றும் போனில் பேசினால் "சாப்டியா சாமி?" என்றுதான் ஆரம்பிப்பார். கோப்பைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இப்போது அதே பள்ளிக்கு நான் பொறுப்புத் தலைமையாசிரியை. பொறுப்பு என்றால் வேலை முழுவதும், நாற்காலி பாதி. எல்லாம் கணினிக்கு வந்துவிட்டது என்கிறார்கள். விடுதி அலுவலகத்தில் மட்டும் அசலைக் கொண்டுவா என்கிறார்கள். இன்று காலை அதே தகப்பன் வந்தார். கடைசி மகளுக்கு விடுதியில் இடம் வேண்டும், இன்றுதான் கடைசி நாள். அசல் சான்றைக் கேட்டேன். பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"குடுக்க மாட்டேனுங்க டீச்சர். ஒங்களுக்கு முந்தி இருந்த பெரிய டீச்சரு தொலைச்சுப்புட்டாங்க. மூத்தவ படிப்பு அதுலயே போச்சு. நீங்க நல்லவங்க, ஆனாலும் பயமா இருக்குதுங்க."

நீங்க நல்லவங்க! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. உண்மையைச் சொன்னால் இந்த ஆள் தாளைத் தரவே மாட்டார், பிள்ளையின் இடம் போய்விடும். சொல்லாவிட்டால் அந்த அம்மாள் இன்னும் இந்த மலையில் திட்டு வாங்கிக்கொண்டே இருப்பார். ஒன்பது வருடம் கழித்தும் என்னை இப்படி மாட்டிவிட்ட மனுஷியை என்ன செய்வது?

"அவங்க தொலைக்கலீங்க. வாந்தி வந்து எறங்கி ஓடுனப்ப அந்தக் கோப்ப பஸ்ல உட்டது நானு. அன்னிக்கு உங்க காட்டுல பக்கத்துல நின்னேனே, நாந்தான்" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப அந்தம்மாவ நான் பேசுன பேச்செல்லாம்..." என்று இழுத்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஒங்ககிட்ட குடுக்க மாட்டேனுங்க. நானே கொண்டாறேன். நீங்க கூட வந்து பேசுங்க, போதும்."

பஸ்ஸில் அவர் மடியில் அந்தப் பை, இரண்டு கையாலும் பிடித்தபடி. பக்கத்தில் நான். இருபதாவது வளைவில் எனக்குக் குமட்டியது. அவர் ஒரு கையை மட்டும் எடுத்து, சட்டைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். பையை இம்மியும் நகர்த்தவில்லை.