முத்துக்கண்ணன் பார்த்த புது ஊர்

நம்பாதவர்கள் போடிக்கு வந்து பாண்டீஸ்வரியின் போனை வாங்கிக் கேட்டுக்கொள்ளலாம். நாலு வாய்ஸ் மெசேஜும் அப்படியே இருக்கின்றன. தைரியசாலிகள் என்று மார்தட்டிக்கொண்டு வந்தவர்கள்தான் இதுவரை கேட்டவர்கள். ஒருத்தரும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

பாண்டீஸ்வரிக்கு ஏலக்காய்க் கிடங்கில் காய் பொறுக்குகிற வேலை. காலை ஒன்பது மணிக்குக் காய் பரப்பிய சுளகின் முன்னால் உட்கார்ந்தால் வெடித்தது, கறுத்தது, பூச்சி விழுந்தது என்று பிரித்துப் பிரித்து, சாயங்காலம் எழுந்திருக்கும்போது இடுப்பு தனியாகக் கழன்று விழும் போலிருக்கும். அவள் புருஷன் முத்துக்கண்ணன் தோஹாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அவனுக்குப் போக இஷ்டமே இல்லை. "ரெண்டே வருசம், கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும்" என்று இவள்தான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள்.

தினமும் நம் நேரம் சாயங்காலம் நாலு பத்துக்கு அவன் குரல் வரும். அங்கே அது மதியச் சாப்பாட்டு நேரம். "இங்க காக்காயே இல்ல பாண்டி. கட்டடம் பூராம் கண்ணாடி. அண்ணாந்து பாத்தா கழுத்து சுளுக்கிக்கிரும். ரோட்டுல நடக்க ஆளே இல்ல, எல்லாம் காருக்குள்ளயே பெறந்து வளந்திருப்பாய்ங்க போல." இவள் இயர்போனை மாட்டிக்கொண்டு தனியாகச் சிரிப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கும் கமர்நிசா, "ஆத்தா, கொஞ்சம் சுளகையும் பாரு" என்று இடிப்பாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை. அன்றைக்குக் காலையிலேயே பேசியிருந்தான். "இன்னைக்கி லீவு. ஊரைச் சுத்திப் பாக்கக் கெளம்பிட்டேன்."

நாலு பத்துக்கு எதுவும் வரவில்லை.

மறுநாள் அதே நேரத்துக்கு வந்தது. குரல் ரொம்பக் களைத்திருந்தது.

"புதுசா ஒரு ஊருக்கு வந்துட்டேன் பாண்டி. எப்படி வந்தேன்னு தெரியல. நடந்து நடந்து காலு ஓஞ்சுபோச்சு. இங்க சுத்தி மலையா இருக்கு. மேல மேகம் உக்காந்திருக்கு..."

தோஹாவில் ஏது மலை? கேட்டு ஒரு மெசேஜ் போட்டாள். போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது.

ஆறரை மணிக்குச் சாதிக் கூப்பிட்டான். போடிக்காரன்தான், அங்கே முத்துக்கண்ணனோடு ஒரே அறையில் இருப்பவன். "மதினி, அண்ணன் நேத்துல இருந்து ரூமுக்கு வரல. போனும் போகல. தேடிப் போவமான்னு இருக்கு."

"எனக்குப் பேசிட்டாருப்பா. வேற எங்கயாச்சும் வேலைக்குப் போட்டிருப்பாங்க."

"அப்பச் சரி மதினி."

இந்த ஒரு பதிலுக்காக அவள் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

ஞாயிறு. 4:10. வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஊர்ல எங்க திரும்பினாலும் ஒரே வாசம். மூக்குக்குள்ளயே நிக்குது. தெரிஞ்ச வாசந்தான்... என்னன்னு ஞாபகம் வரல."

பின்னால் ஜீப் ஹாரன். அப்புறம் யாரோ கூவுகிற சத்தம். காதோடு போனை அழுத்திக் கேட்டாள்.

"பூப்பாறை... பூப்பாறை... ஒரு ஆளு..."

மலைக்குப் போகிற ஜீப்பில் ஆள் ஏற்ற, போடியில் தினமும் கேட்கிற சத்தம்.  ஈரக்கையால் மூன்று தடவை போட்டுக் கேட்டாள். மூன்று தடவையும் அதே சத்தம்.

திங்கள். கிடங்கு. மணி 4:09.

கமர்நிசா இரண்டு முறை இருமினாள்.

4:10. போன் அதிர்ந்தது.

"பொம்பளைங்க வரிசையா உக்காந்து எதையோ பொறுக்குறாங்க. தண்ணி கேட்டேன். ஒருத்தரும் ஏறெடுத்துப் பாக்கல..."

சரக்... சரக்... சுளகு சத்தம்.

அப்புறம் ஒரு இருமல். இன்னொன்று.

பாண்டீஸ்வரி வாசலைப் பார்த்தாள். ஆள் இல்லை.

"கடைசியில ஒருத்தி... காதுல என்னமோ மாட்டியிருக்கா. அழுகுறா. பாவம், ஆருன்னு தெரியல."

அதுவரை அவள் அழவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் அழுதாள்.

"என்னாத்தா? என்னாச்சு?" என்றாள் கமர்நிசா.

பாண்டீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனை வாயருகே வைத்து, ஊருக்குப் புதிய ஆளுக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "வெளிய வந்து இடதுகைப் பக்கம் திரும்புங்க. டீக்கடை தாண்டி மூணாவது சந்து. நீலக் கதவு. தொறந்தேதான் இருக்கும். வாங்க."

ஒற்றை டிக்.

செவ்வாய். வேலைக்குப் போகவில்லை. கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

4:10.

"சொன்ன வழியில வந்துட்டேன். நீலக் கதவு. உள்ள செவுத்துல ஒரு படம். மாலை போட்டிருக்கு..."

மூச்சு வாங்குகிற சத்தம்.

"என்னைய மாதிரியே ஒருத்தன். ஆரு பெத்த புள்ளையோ..."

நிமிர்ந்து பார்த்தாள்.

சுவரில் இருப்பது ஒரே ஆணி. அதில் காலண்டர்தான் தொங்கியது.

4:31. போன் அடித்தது. சாதிக். பேச முடியாமல் அழுதான்.

வெள்ளிக்கிழமையே கதை முடிந்திருக்கிறது. ரோட்டைக் கடக்கும்போது வண்டி அடித்துவிட்டது. அந்த ஊர் நேரம் மதியம் ஒன்று நாற்பது. நமக்கு நாலு பத்து. அடையாள அட்டை இன்னும் கைக்கு வராததால், ஐந்து நாள் பெயரில்லாத பிணமாக ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான்.

"அன்னைக்கே தேடிருப்போம் மதினி..." என்றான் சாதிக்.

பெட்டி வந்தது. காரியம் முடிந்தது. காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஒரே ஆணியில் படத்தை மாட்டினார்கள். பெட்டியோடு அவன் போனும் சீல் வைத்த கவரில் வந்திருந்தது. சக்கரம் ஏறி வெள்ளிக்கிழமையே இரண்டு துண்டாகப் போனது. அது இப்போது பீரோவுக்குள் இருக்கிறது.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாள், நாலு பத்துக்கு, பாண்டீஸ்வரி அவன் நம்பருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். "காதுல மாட்டிக்கிட்டு அழுதது நாந்தாங்க. ஒங்க பாண்டி. படத்துல இருக்கிறது நீங்கதான். தண்ணி வச்சிருக்கேன், உள்ள வாங்க."

ஒற்றை டிக். இருபத்திரண்டு நாள் அப்படியே கிடந்தது.

இருபத்து மூன்றாம் நாள் பார்த்தாள். கேட்டு முடித்தால் பக்கத்திலிருக்கும் மைக் படம் நீலமாகுமே, அது நீலமாகியிருந்தது. மேலே அவள் வழி சொன்ன மெசேஜும் நீலம்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வீட்டை அடையாளம் கண்டு உள்ளே வந்துவிட்டானா, இல்லை யாரோ ஒரு பொம்பளை எவனையோ நினைத்து அழுகிறாள் என்று அடுத்த சந்துக்கு நடந்துவிட்டானா, அது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. நாலு பத்துக்கு அந்த நீலக் கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது.